வலது பக்கத்து இருக்கை

மில் தெரு வீடு – அத்தியாயம் 14

வாணலி கருகிய நாற்றம் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்றால் வெளியே ஜனவரி. திறந்தவன் மூக்கு உறைந்துவிடும்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் நடந்தது அது. ஃபெர்னான் பெல்லெத்தியே அடுப்பில் பன்றிக் கொழுப்பை உருக வைத்துவிட்டு, நடுக்கதவைச் சாத்திக்கொண்டு, முன்னறையில் ஹாக்கி பார்க்க உட்கார்ந்தார். வாணலி பற்றிக்கொண்டது. கூரையில் மாட்டியிருந்த புகை மணி தெருக்கோடி வரைக்கும் அலறியது. அந்த நேரம் தெருவில் பனி தள்ளும் லாரியை ஓட்டிக்கொண்டு வந்தவள் அவருடைய மகள் ரஷேல். லாரியை நடுத்தெருவில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அடுப்பங்கரை முழுக்கப் புகை. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, வேலை நேரத்துல வந்திருக்க?" என்று கேட்டார்.

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மூத்தவன் மார்செல் போர்ட்லாண்டிலிருந்து வாரம் முழுக்கப் போன் செய்தான்.

"மணி அலறுது, புகை வருது, மனுஷன் சிரிச்சுக்கிட்டு நலம் விசாரிக்கிறாரு. இது வெறும் மறதி இல்ல ரஷேல். எனக்குத் தூக்கத்துல அந்த வாணலிதான் வருது."

போர்ட்லாண்டில், புத்தி தடுமாறியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அறை காலியாகிறது. திங்கட்கிழமை காலையில் வேண்டும், வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். ரஷேல் ஒத்துக்கொள்ளாமல் மார்செல் தனியாக எதுவும் செய்ய மாட்டான். அம்மா லொரெய்ன் போன மார்ச்சில் சாவதற்கு முன்னால் இரண்டு பேரிடமும் அப்படித்தான் வாக்கு வாங்கியிருந்தாள்.

"பட ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்" என்றான் மார்செல். "அப்பா ஒரு படத்தக் கோர்வையா சொல்லட்டும். சொல்லிட்டாருன்னா நான் வாயத் தொறக்கல. சொல்லலன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

ரஷேல் சரி என்று சொல்லிவிட்டாள். அப்பா எந்தக் காலத்தில் படம் சொல்லத் தடுமாறியிருக்கிறார்?

*

கனடாவிலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய எங்கள் சின்னக் கனடாவில் ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை பெல்லெத்தியே வீட்டுக்குப் பட ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். போன வருஷம் பார்த்த படங்களில் மனசுக்குப் பிடித்த ஒன்றை ஆளுக்கு ஒருவராகச் சொல்ல வேண்டும். கேட்டு முடித்ததும் ஆளுக்கு ஒரு காய்ந்த அவரைக்கொட்டை. எந்தப் படம் பிடித்ததோ அதைச் சொன்னவரின் கோப்பையில் போட வேண்டும். தன் கோப்பையில் தானே போடக் கூடாது.

சட்டமெல்லாம் லொரெய்ன் போட்டது. தியேட்டரில் பார்த்த படம் மட்டும்தான் செல்லும். சொல்கிறவர் அடுப்புப் பக்கம், விளக்குக்கு நேர் கீழே நின்று, எல்லாருக்கும் முகம் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு சொல்லக் கூடாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. யாராவது தலையைக் குனிந்தால் லொரெய்ன் கரண்டியால் மேசையைத் தட்டுவாள்: "மூஞ்சியத் தூக்கிச் சொல்லு, தரையா கேக்குது உன் கதைய?"

மில்லில் வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில் தியேட்டருக்குப் போக யாராலும் முடியவில்லை. அந்த வருஷம் மட்டும் லொரெய்ன் சட்டத்தைத் தளர்த்தினாள். மேப்பிள் தியேட்டர் வாசலில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துக் கதையை அவரவரே கட்டிச் சொல்லலாம். ரஷேல் அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. போஸ்டரில் ஒரு குதிரை மட்டும் இருந்தது. அந்தக் குதிரைக்கு வேலை போய்விடுகிறது, பிறகு திரும்பக் கிடைக்கிறது என்று சொன்னாள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. கோப்பை நிறைந்தது. அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரையைச் சுற்றி வந்தார்.

இந்த வருஷம் மேசையில் லொரெய்ன் நாற்காலி காலி. ஃபெர்னானுக்கு வலது பக்கம் அது. ஒருவரும் அதில் உட்காரவில்லை. கதவுக்குப் பின்னால் அவளுடைய பழுப்புக் கோட்டு மார்ச்சில் தொங்கிய மாதிரியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆரம்பிங்கப்பா, பீன்ஸ் ஆறுது" என்றார் ரெஜி. ஃபெர்னானோடு ஒரே மெஷினில் காலமெல்லாம் நின்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பட ஞாயிறு தவறியதில்லை.

"நீங்களே ஆரம்பிங்க ரெஜி மாமா. வழக்கம்போல லாரி வெடிக்கிற படம்தானே?" என்றாள் ரஷேல்.

"லாரியா? இந்த வருஷம் ரயிலு!" ரெஜி விளக்குக்குக் கீழே போய் நின்றார். "மொதல்ல ஒருத்தன் ஓடுறான். அவன் பின்னாடி இன்னொருத்தன் ஓடுறான். ஏன்னு கேக்காத, எனக்கும் தெரியாது. பாப்கார்ன் வாங்கப் போயிருந்தேன்."

"முழுசாப் பாக்காத படம் செல்லாது" என்றான் மார்செல்.

"நீ உன் வேலையப் பாருடா. உன் அம்மா எனக்கு எப்பவும் சலுகை குடுப்பா."

"அம்மாவா? அம்மா படம் பூரா பேசிக்கிட்டே இருப்பா. மத்தவங்க பாப்கார்ன் வாங்கப் போனதுகூட அவளுக்குத் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். லொரெய்னுடைய சினிமாப் பேச்சு ஊரறிந்தது. விளக்கு அணைந்தால் அவள் வாய் திறக்கும். ஃபெர்னானின் தோளில் சாய்ந்து தொணதொணவென்று கடைசி வரைக்கும். பின்வரிசைக்காரர்கள் உஸ் என்பார்கள். மேனேஜர் டார்ச்சோடு வந்து நிற்பார். மார்செலும் ரஷேலும் சின்ன வயதில் வெட்கம் தாங்காமல் நாலு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, யார் பெற்ற பிள்ளைகளோ என்று இருப்பார்கள்.

ஃபெர்னானும் சிரித்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பிந்தி.

மார்செலின் மனைவி ஹீதர், கல்யாணத்தன்று மணப்பெண் காணாமல் போகிற படத்தைச் சொன்னாள். மார்செல் விண்வெளிப் படம் ஒன்றைச் சொன்னான், கணக்குப் பாடம் மாதிரி. ரஷேல் பேய்ப் படம் சொன்னாள். பேய் வீட்டில் பனி தள்ளுகிற ஆள் இல்லாததுதான் உண்மையான பயம் என்று முடித்தாள். ரெஜி மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"அப்பா, உன் முறை" என்றான் மார்செல். அவன் குரல் மாறியதை ரஷேல் கவனித்தாள்.

*

ஃபெர்னான் எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொண்டார். விளக்குக்குக் கீழே போய் நின்றார். காகித மில்லில் தேய்ந்த கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"படத்துப் பேரு 'சனிக்கிழமைப் படகு'" என்றார். "ஒரு ஆறு. நம்ம ஆறு மாதிரி இல்ல, நல்ல அகலம். பாலம் கிடையாது. படகுக்காரன் ஒருத்தன், நம்ம வயசுதான். நகத்துல பூரா கிரீஸ். நடிகன்தான், ஆனா கயித்த ஒழுங்காக் கட்டுறான், எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பொம்பள வருவா. பச்சைக் கோட்டு. கையில கூடை. படகுல ஏறி உக்காருவா. இவன் ஓட்டுவான். பேசிக்க மாட்டாங்க."

"ஏன்?" என்றார் ரெஜி.

"சண்டை. ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டிடா. எப்பவோ பிரிஞ்சவங்க. அவளுக்கு அக்கரையில ஒரு வேலையும் இல்ல. அவன் படகுல உக்காரணும், அதுக்காக வர்றா. அவனுக்கும் தெரியும். ஒரு தடவ அவ காலர் மடங்கியிருக்கும். இவன் கைய நீட்டுவான், சரி பண்ண. பாதியில இழுத்துக்குவான். புருஷனா இல்லாதவன் கை அவ்வளவு தூரம் போகாது."

யாரும் தட்டைத் தொடவில்லை.

"ஒரு நாள் பெருங்காத்து. அவன் சொல்றான், 'இன்னைக்குக் காத்து சரியில்ல.' அவ சொல்றா, 'என்னைக்குச் சரியா இருந்துச்சு?' அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் ஒரு சனிக்கிழமை அவ வரல. அடுத்த வாரமும் வரல. செத்துட்டா."

ஃபெர்னான் தொண்டையைக் கனைத்தார்.

"அவன் வெறும் படக அவுத்து அந்தக் கரைக்கு ஓட்டிட்டுப் போறான். கொஞ்ச நேரம் நின்னு அழுறான். திரும்பி வர்றான். வந்து, அவ உக்கார்ற பலகைய ஒரு துணியால தொடைக்கிறான். ஈரம் இருக்கக் கூடாதுன்னு. படம் முடிஞ்சிடுது."

ரெஜி மூக்கைத் துணியில் அழுத்திச் சிந்தினார். ரஷேலுக்கு நெஞ்சு லேசானது. இதைவிடக் கோர்வையாக யார் சொல்ல முடியும்? மார்செலைப் பார்த்தாள். அவனும் தோளைத் தளர்த்தியிருந்தான்.

அப்போதுதான் ஹீதர் பேசினாள். அவளுக்கு இந்தப் பந்தயம் தெரியாது.

"ஃபெர்ன், நான் அந்தப் படம் பாத்தேன். ஆனா அவங்க புருஷன் பொண்டாட்டி இல்லையே. அண்ணன் தங்கச்சி."

"இல்லம்மா, பொண்டாட்டி."

"படம் தொடங்கறப்பவே அவ குரல்ல வருமே. 'அவன் என் அண்ணன், அப்பாவோட நிலத்தை வித்த நாள்ல இருந்து பேச்சில்லை'ன்னு. அப்புறம் கடைசியிலயும் அவ சாகல. பெரிய ஊருக்குப் போயிட்டேன்னு அவளே சொல்வாளே. படம் பூரா அவதானே கதை சொல்றா?"

ஃபெர்னான் ஹீதரின் வாயையே பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"சாகலையா?"

"இல்ல ஃபெர்ன்."

"அப்ப அந்த ஆளு ஏன் அப்படி அழுதான்?"

 அவர் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, பன்றியிறைச்சி அடைத்துச் சுட்டு ஆறிப்போன ரொட்டியை வெட்டத் தொடங்கினார்.

ஓட்டுப் போடும் நேரம் வந்தது. ஹீதர் தன் கொட்டையை ஃபெர்னானின் கோப்பையில் போட்டாள். "படத்தவிட உங்க கதைதான் நல்லாருக்கு" என்றாள். ரெஜி போட்டார். ரஷேல் போட்டாள். மார்செல் தன் கொட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். எழுந்து போனபோது அது யார் கோப்பையிலும் இல்லை.

*

"பாத்தியா?" என்றான் மார்செல், நடையில், கோட்டுகளுக்கு நடுவில் நின்று. "படம் தொடங்கறப்பவே சொல்லியாச்சாம். அதக்கூட மனசுல வெச்சுக்க முடியல. அம்மா செத்தத எடுத்து சினிமாவுல ஒட்டி வெச்சிருக்காரு."

"மத்ததெல்லாம் சரியாத்தானே சொன்னாரு. காத்து சரியில்லன்னு அவங்க பேசினது வார்த்தைக்கு வார்த்தை சரி. ஹீதர் தலையாட்டினா, நான் பாத்தேன்."

"பாதி சரி, பாதி கற்பனை. அதுதான் அந்த நோயே. நான் என்ன, அவரத் தூக்கிக் குப்பையிலயா போடப் போறேன்? இன்னொரு வாணலிக்கு நீ லாரியோட வந்து நிப்பேன்னு என்ன நிச்சயம்?"

அவன் கண்கள் கலங்கியிருந்தன. அதுதான் ரஷேலுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"நாளைக்குக் காலையில நான் போன் பண்றேன்" என்றான். "நீ ஒத்துக்கிட்ட."

ரஷேல் அடுப்பங்கரைக்குப் போனாள்.

அப்பா தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். முதுகு இந்தப் பக்கம். அகலமான முதுகு, இப்போது சட்டைக்குள் கொஞ்சம் சுருங்கிப் போயிருந்தது.

எதைச் சரியாகச் சொன்னார், எதைத் தவறாகச் சொன்னார் என்று அவள் மனசு திரும்பத் திரும்ப ஓடியது. படகில் நேருக்கு நேர் பேசிக்கொண்டது சரி. முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்த இடமெல்லாம் தவறு. இங்கே டி.வி. எப்போதும் சத்தமில்லாமல்தான் ஓடுகிறது, கீழே எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், "நல்ல சத்தமெல்லாம் மில்லுலயே கேட்டாச்சு" என்பார்.

ரஷேல் வாசற்படியிலேயே நின்றாள்.

"அப்பா" என்றாள். "அம்மாவோட கோட்ட ஹீதருக்குக் குடுத்துடலாமா?"

அந்தக் கோட்டைப் போன மாதம் கொஞ்சம் நகர்த்தி மாட்டியதற்கே இரண்டு நாள் பேசாமல் இருந்தவர். இப்போது தட்டைத் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கிழிச்சுத் தரை தொடைக்கலாம்ப்பா" என்றாள், குரலை உயர்த்தி.

தட்டு. கரண்டி. இன்னொரு தட்டு.

அவள் போய்த் தோளைத் தொட்டாள். அவர் துள்ளித் திரும்பினார். திரும்பியதும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தார்.

ரஷேல் தன் கையைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டாள். "நான் என்ன சொல்றேன், சொல்லுப்பா."

அவர் அந்தக் கையைப் பார்த்தபடி நின்றார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கைய எடு" என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில். "கைய எடுடி."

அவள் எடுத்தாள். "எப்பருந்து?"

"இடது காது நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போச்சு. மெஷின் அந்தப் பக்கம். எங்களுக்கெல்லாம் அப்ப காதுல அடைக்கப் பஞ்சு குடுப்பான், அதையும் வேர்வை தொடைக்க வெச்சுக்குவோம். மெஷின்கிட்ட நின்னு எவனும் பேச்சக் கேட்டதில்ல. வாயப் பாத்துத்தான் பேச்சு. ரெஜி அந்தக் கோடியில நின்னு கெட்ட வார்த்த சொன்னா இங்கருந்து தெரியும்."

"வலது?"

"வலது கொஞ்சம் மிச்சமிருந்துச்சு. கிட்ட வந்து காதுக்குள்ள பேசினா கேக்கும். உங்கம்மா பேசுவா."

ரஷேல் லொரெய்னுடைய நாற்காலியைப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் வலது பக்கம். கோயிலில் வலது பக்கம். தியேட்டரில், படம் பூரா, தோளில் சாய்ந்து.

"அம்மா சும்மா தொணதொணக்கல" என்றாள்.

"யாரு, அவளா?" ஃபெர்னான் கையைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்குச் சினிமாவே பெருசாப் பிடிக்காது. எனக்காக வந்தா. ஒவ்வொரு ஆளும் பேசறத அப்படியே சொல்லுவா, குரல்கூட மாத்தி. போலீஸ்காரன் வந்தா போலீஸ்காரன் மாதிரி. அவ சொல்லிச் சொல்லி எனக்கு எல்லா நடிகனுக்கும் ஒரே குரல், அவ குரல்."

விளக்குக்குக் கீழே நில். முகத்தைத் தூக்கு. வாயில் ரொட்டி கூடாது. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாதே.  வீட்டில் எல்லாரும் விளையாட்டுச் சட்டம் என்று சிரித்துக்கொண்டு கடைப்பிடித்தது இந்த ஒரு மனுஷனுக்காக.

"ஏன்ப்பா எங்ககிட்ட சொல்லல?"

"காது போச்சுன்னு தெரிஞ்சா மில்காரன் மெஷின்ல விட மாட்டான். முற்றம் கூட்ட அனுப்புவான், பாதிக் கூலிக்கு. அப்ப சொல்லல. அப்புறம் சொல்ல என்ன இருக்கு? அவ இருந்தா. அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்துச்சு."

"அம்மா போனதுக்கு அப்புறமும் நீ புதன்கிழமை தவறாம தியேட்டருக்குப் போற."

"வீட்ல உக்காந்து என்ன பண்ண?" குழாயை மூடினார். "பொம்மை மாதிரி வாய அசைக்கிறானுங்க. நானே ஒரு கதையக் கட்டிக்குவேன்."

"காதுல வெச்சுக்க மிஷின் இருக்குப்பா. புகை வந்தா விளக்கு அடிக்கிற மணிகூட இருக்கு. மார்செல்கிட்ட சொல்லிட்டா..."

"அவன்கிட்ட சொல்லாத."

"அவன் உனக்குப் புத்தி போயிடுச்சுன்னு நெனைக்கிறான்."

"நெனைச்சுட்டுப் போறான். அவன் ஊருக்குப் போறவன்."

"போர்ட்லாண்டுல உனக்கு அறை பாத்து வெச்சிருக்கான்."

இந்த முறை அவர் அவள் உதட்டைத் தவறாகப் படித்துவிட்டதாக நினைத்தவர் போல இன்னும் நெருங்கி வந்தார். ரஷேல் திரும்பச் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. மூஞ்சியத் தூக்கிச் சொல்லு என்ற குரல் அவளுக்குள் கேட்டது.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"நீயும் சரின்னியா?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"காது கேக்கலன்னு தெரிஞ்சாலும் கொண்டுபோய் விடத்தான் போறான்" என்றார். "புத்தி போனவன்னு போனா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு விட்டுடுவாங்க. செவிடன்னு போனா, உங்கம்மா வாழ்நாள் பூரா மூடி வெச்சது அத்தனையும் எல்லாருக்கும் தெரியும். நீ சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"அப்பா..."

"சொல்லு."

"நான் வாயால சொல்ல மாட்டேன்" என்றாள் ரஷேல்.

வாசலில் ரெஜி கத்தினார்: "டேய் ஃபெர்ன்! உன் கோப்பைதான் ஜெயிச்சிருக்கு! மேப்பிள்ல இன்னைக்கு மதியம் உன் படகைத்தான் திரும்பப் போடுறான்! கெளம்பு!"

ஃபெர்னான் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். ரஷேல் அவர் சட்டைக் கையை இழுத்து வாசலைக் காட்டினாள்.

*

வருஷப் பிறப்பு வாரத்தில் மேப்பிள் தியேட்டர் போன வருஷப் படங்களை நாளுக்கொன்றாகத் திரும்ப ஓட்டும். சின்னக் கனடாவே வந்திருந்தது. ஈரமான கம்பளிக் கோட்டு வாசனையும் வெண்ணெய் வாசனையும் கலந்து அடித்தன. அந்த வாசனையில் ரஷேலுக்கு ஒரு நிமிஷம் வயது குறைந்தது. முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தால் இருட்டில் அப்பா தலையும் அதில் ஒட்டிக்கொண்ட அம்மா தலையும் தெரியும். ஒரே ஆளுக்கு இரண்டு தலை மாதிரி.

ஃபெர்னான் வழக்கமான வரிசைக்குப் போய், வலது பக்கம் ஓர் இருக்கையை விட்டு உட்கார்ந்தார். இடது பக்கம் ரெஜி. மார்செல் அந்தக் காலி இடத்தில் உட்காரப் போனான்.

"அங்க வேண்டாம்ப்பா" என்றார் ஃபெர்னான், தேவைக்கு மேல் சத்தமாக.

மார்செல் தங்கையைப் பார்த்தான். செத்துப்போனவளுக்கு இடம் போட்டு வைக்கிறார், இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டது அந்தப் பார்வை. ஹீதரைக் கூட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தான்.

விளக்கு அணைந்தது. ரஷேல் நடைபாதையில் நின்றாள். இன்று காலையில்கூட அந்த இருக்கையை அவள் தொட்டிருக்க மாட்டாள். போய் உட்கார்ந்தாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தவர், யார் என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

திரையில் பனிமூட்டம். அகலமான ஆறு. படகு மட்டும் மெல்ல வந்தது. ஆள் யாரும் இல்லை. ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

ரஷேல் அப்பாவின் தோளில் சாய்ந்து, வலது காதுக்குள் வாயை வைத்தாள். ஷேவிங் சோப்பு வாசனை. முதல் வார்த்தைக்குக் குரல் எழும்பவில்லை. லாரி எஞ்சினுக்கு மேலே கத்திப் பழகியவள்; காதுக்குள் பேசப் பழகவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"இந்த ஆத்துக்குப் பாலம் வேணாம்னு சொன்னது எங்கப்பா-ங்கிறா. அப்பா செத்ததும் நிலத்த வித்துட்டாங்களாம். படகுக்காரன் என் அண்ணன்-ங்கிறா."

ஃபெர்னான் அசையாமல் இருந்தார். கேட்டதா? அவள் இன்னும் அழுத்தித் திரும்பச் சொன்னாள்.

"அண்ணனா?" என்றார் அவர், தியேட்டருக்கே கேட்கிற மாதிரி. "அடப் பாவி, அப்ப நான் பாத்தது வேற படம்!"

பின்னாலிருந்து யாரோ உஸ் என்றார்கள். ரெஜி வயிறு குலுங்கச் சிரித்தார்.

ரஷேல் நிறுத்தவில்லை. படகுக்காரனுக்குக் கரகரப்பாக ஒரு குரல் போட்டாள். பச்சைக் கோட்டுக்காரிக்கு வேறு குரல் வரவில்லை, தன் குரலையே கொடுத்தாள். உஸ் சத்தம் இரண்டு மூன்று வரிசைகளிலிருந்து வந்தது.

முன்வரிசையில் மார்செல் விருட்டென்று திரும்பினான். சின்ன வயதில் அம்மாவை எப்படித் திரும்பிப் பார்ப்பானோ அதே எரிச்சல். வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

திரை வெளிச்சத்தில் அவனுக்குத் தெரிந்தது என்ன என்று ரஷேலுக்குத் தெரியும். ஒரே ஆளுக்கு இரண்டு தலை.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஹீதர் அவன் கையைத் தொட்டாள், அப்போதும் திரும்பவில்லை. பிறகு எழுந்தான். குனிந்தபடி நடைபாதைக்கு வந்தான். கையில் போன் வெளிச்சம். அவர்களைக் கடக்கும்போது நிற்கவில்லை. பின்கதவு திறந்து ஒரு வெளிச்சக்கோடு தரையில் விழுந்து, மறைந்தது.

ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த இல்லத்தில் போனை எடுக்க ஆள் இருக்கும். அறையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவும் ஒரு போன் போதும், வேண்டாம் என்று சொல்லவும் அதே போன் போதும்.

"மார்செல் எங்க போறான்?" என்றார் ஃபெர்னான் சத்தமாக.

"உஸ்ஸ்!"

"தெரியலப்பா" என்றாள் ரஷேல் அவர் காதுக்குள்.

திரையில் படகுக்காரன் முதுகைத் திருப்பிக்கொண்டு ஏதோ பேசத் தொடங்கினான். அவன் வாய் தெரியவில்லை. ஃபெர்னான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தலையை மட்டும் மெல்ல வலது பக்கம் சாய்த்தார்.